தொட்டிக்குள் முங்கிய கடிதம்

அத்தியாயம் 6

குழாயைத் திருகியதும் அது முதலில் ஏப்பம் விட்டது. அப்புறம் இருமியது. அப்புறம் கக்கியது.

கக்கியதைத் தண்ணீர் என்று சொன்னால் வைகை மானநஷ்ட வழக்குப் போடும். கறுப்பு. சாதாரணக் கறுப்பு இல்லை. ஏழு வருஷம் கழுவாத எண்ணெய்ச் சட்டியை எட்டாவது வருஷம் எருமை குளித்த குட்டையில் ஊறப்போட்ட கறுப்பு. கூடவே ஒரு நாற்றம் எழுந்து, பக்கெட்டைத் தாண்டி, குளியலறை வாசலைத் தாண்டி, துப்பறியும் ஜனகராஜின் மூக்குக்குள் செருப்புக் காலோடு நுழைந்தது.

"உவ்வ்வ்..." என்றார் அவர்.

பழங்காநத்தத்தில் மாடியறை ஒன்றில் துப்பறியும் நிலையம் நடத்தும் ஜனகராஜுக்கு முதலும் மூக்குதான், நஷ்டமும் மூக்குதான். மூன்று தெரு தள்ளி எவர் வீட்டிலாவது சட்னி ஊசிப்போனால் இங்கிருந்தே சொல்லிவிடுவார். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்து சாட்சி சொல்லிவிடும். சாயப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்தும், பட்டறை நாற்றம் தாங்காமல்தான் இந்தத் தொழிலுக்கு ஓடிவந்தார். யூகலிப்டஸ் தைலம் தெளித்த கைக்குட்டை இல்லாமல் வாசற்படி இறங்கமாட்டார்.

"அண்ணே, வாந்தி எடுக்குறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி எடுங்க. தடயத்து மேல எடுத்துறாதீக," என்றாள் ஜெயினம்பு.

ஜெயினம்பு அவருடைய உதவியாளர். நாற்பது வயசு. டி.வி.எஸ். ஐம்பதை ஓட்டுவது அவள். பின்னால் கைக்குட்டையோடு உட்கார்ந்து வருவது அவர். நாற்றம் அவளை ஒன்றும் செய்யாது. "எங்க வீட்டுக்குப் பின்னாடி தோல் மண்டி. நான் பொறந்து போட்ட மொத தும்மலோட மூக்கு செத்துப்போச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

"திங்கக்கிழமையில இருந்து இப்படித்தாங்க வருது," என்றார் வீட்டுக்கார அம்மாள் சுந்தரவல்லி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி. "சாக்கடை கலந்துருச்சுன்னு சொல்றார் எங்க வீட்டுக்காரர். குடிக்கிறதுக்கும் குளிக்கிறதுக்கும் எதிர்வீட்டு அடிபம்புதான். ஆனா உங்களை நான் கூப்பிட்டது இதுக்கில்ல."

கூப்பிட்ட காரணம் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பெயர் இருளாயி. ஐந்து வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்பவள்.

அவள் மேல் உள்ள குற்றச்சாட்டு இது: வீட்டுக்காரர் வெங்கடேஷ்பாபு, கல்லூரியில் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரிடம் முந்நூற்றுச் சொச்சம் வருஷத்துப் பழைய கடிதம் ஒன்று இருந்தது. இன்று காலையில் அலமாரியைத் திறந்தால் காணோம். மாடியைப் பெருக்குவது இருளாயி மட்டும். உடனே புரொபசர் வாசல் கேட்டில் வந்து நின்று, திருநகர் மூன்றாவது ஸ்டாப்பிலிருந்து திருமங்கலம் வரைக்கும் கேட்கிற மாதிரி "திருடி!" என்று கத்திவிட்டார். மத்தியானத்துக்குள் இருளாயி வேலை பார்த்த மற்ற மூன்று வீடுகளிலும் அவளை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. நாலு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வருகிறார்.

இப்போது மணி இரண்டு.

"எடுத்தியா?" என்று கேட்டார் ஜனகராஜ்.

"நான் எதுக்குங்கய்யா காயிதத்தை எடுக்கப்போறேன்? எடுக்குறதா இருந்தா அடுக்களையில வெள்ளி டம்ளர் ஆறு இருக்கு," என்றாள் இருளாயி. கண்ணில் தண்ணீர் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "எம்புட்டு தடவ சொல்றது? மூணு வீட்டுக்காரவுகளும் கேட்டுக்கு அங்கிட்டு நின்னே பேசுறாக. நேத்து வரைக்கும் பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டு சினிமாவுக்குப் போனவுக."

ஜெயினம்பு ஜனகராஜின் காதருகில் சொன்னாள்: "அண்ணே, இவ எடுக்கல. திருடுனவ வெள்ளி டம்ளர எண்ணிச் சொல்லமாட்டா."

மாடியில் புரொபசர் வெங்கடேஷ்பாபு பட்டு வேட்டி கட்டி, சட்டைப் பையில் மூன்று பேனாக்களோடு தயாராக இருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சமூகத்து மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா. பொன்னாடை, ரோஜா மாலை, 'சொல்லாய்வுச் செம்மல்' பட்டம், எல்லாம் ஆர்டர் கொடுத்தாயிற்று.

"எதுக்குங்க பாராட்டு?" என்று கேட்டது ஜெயினம்பு செய்த முதல் தப்பு.

"டேங்க்!" என்று முழங்கினார் புரொபசர். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. "அந்த ஒரு வார்த்தை. அதுக்கு எத்தனை அர்த்தம் தெரியுமா? மொட்டை மாடியில இருந்தா தண்ணீர்த் தொட்டி. மோட்டார் சைக்கிள்ல இருந்தா பெட்ரோல். கண்ணாடியில இருந்தா மீன். யுத்தத்துக்குப் போனா பீரங்கி வண்டி. வெள்ளைக்காரன் மேப்பைப் பாரு, நம்ம வண்டியூர் தெப்பக்குளமே அவனுக்கு டேங்க்தான்!"

"பீரங்கி வண்டியில எங்கிட்டுத் தண்ணி வருது?"

"அங்கதான் இருக்கு விஷயம்! முதல் உலக யுத்தத்துல அந்த வண்டியை இங்கிலாந்துல ரகசியமா செஞ்சாங்க. வேலை செய்யறவன் வெளியே உளறிடக் கூடாதுல்ல? பாலைவனத்துக்குத் தண்ணீர்த் தொட்டி செய்யறோம்னு சொல்லி வெச்சாங்க. யுத்தம் முடிஞ்சது, பொய் முடிஞ்சது, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு."

"அப்ப அந்தப் பேரே ஒரு பொய்யில பொறந்ததா?" என்றாள் ஜெயினம்பு.

புரொபசர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். அந்த ஒரு நொடியை ஜனகராஜ் மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

"வார்த்தை பிறந்தது வேற இடம்," என்று புரொபசர் தொடர்ந்தார். "போர்ச்சுகீசிய வார்த்தை, தேங்கின தண்ணிங்கிற லத்தீன்ல இருந்து வந்ததுங்கிறான் ஒருத்தன். இல்ல, குஜராத்துல தரைக்கடியில தண்ணி சேர்க்கிற தொட்டிக்கு 'டாங்கி'ன்னு பேர், அங்கிருந்து வந்ததுங்கிறான் இன்னொருத்தன். எத்தனையோ வருஷமா அடிச்சுக்கிறாங்க. நம்ம முன்னோர் குஜராத்துல இருந்து பட்டும் சாயமும் தூக்கிட்டு மதுரைக்கு வந்தவங்கதானே, ஜனகராஜ்? எங்க மூதாதை ஒருத்தர் மதுரையில வெச்சு ஒரு வெள்ளைக்காரப் பயணிகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கார். அவன் அதைக் கடிதத்துல எழுதியிருக்கான். அந்தக் கடிதம்தான் என்கிட்ட இருந்தது. உலகத்துல ஒரே ஒரு பிரதி!"

"நான்கூட தேங்குறதுனால டேங்க்னு நெனச்சேன்," என்றாள் ஜெயினம்பு.

புரொபசர் முகம் ஊசிப்போன சட்னியைக் கண்ட ஜனகராஜின் முகம் மாதிரி ஆனது.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்றார் ஜனகராஜ்.

"ஞாயிற்றுக்கிழமை. மெட்ராஸ்ல இருந்து பழைய காகிதம் பரிசோதிக்கிற ஆள் இன்னிக்கு வர்றார்னு விழா நடத்துற சபைக்காரங்க சொன்னாங்க. காட்டலாம்னு திறந்தேன். போச்சு!"

"பரிசோதிக்க வர்றார்னு உங்களுக்கு எப்போ சொன்னாங்க?"

"அது... சனிக்கிழமை இருக்கும்."

ஜனகராஜ் மாடிப்படி இறங்கி நேராகக் குளியலறைக்குப் போனார். ஜெயினம்பு வாயைப் பிளந்துகொண்டு பின்னால் போனாள். தானாக வாசனையைத் தேடிப் போகும் ஜனகராஜை அவள் பார்த்ததே இல்லை. அவர் பக்கெட்டின் மேல் குனிந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். மோந்தார். உடம்பு மூன்று முறை தூக்கிப்போட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கழுத்து நரம்பெல்லாம் வீணைத் தந்தி மாதிரி நின்றது. மறுபடியும் மோந்தார்.

"அண்ணே, நீங்க செத்துப்போனா சம்பள பாக்கிய யாருகிட்ட கேக்குறது?"

"ரெண்டு நாத்தம் இருக்கு, ஜெயினம்பு. மேல ஒண்ணு, செத்தது. அது யாருக்கும் தெரியும். அடியில ஒண்ணு இருக்கு. துவர்ப்பா. நாக்கு ஒட்டிக்கிற மாதிரி." அவர் முகத்தை அருவருப்போடு துடைத்தார். "அந்த நாத்தத்துக்குப் பயந்துதான் நான் வீட்டை விட்டே ஓடினேன். அம்மா, ஒரு எலுமிச்சம்பழம் கிடைக்குமா?"

சுந்தரவல்லி பரிதாபப்பட்டார். "குமட்டுதா? சர்க்கரை போட்டுக் கொண்டு வரட்டுமா?"

"பழம் மட்டும் போதும். அப்படியே இந்தத் தண்ணி பட்டுக் கறையான துணி ஏதாவது."

திங்கட்கிழமை துவைத்த புரொபசரின் வெள்ளை வேட்டி வந்தது. அதை வெள்ளை என்று சொல்ல இனி வழியில்லை. மூன்று சோப்பு தீர்ந்தும் போகாத சாம்பல் கறுப்பு. ஜனகராஜ் அதன் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கட்டைவிரலால் தேய்த்தார்.

சாறு பட்ட இடத்தில் கறை வெளுத்து, மஞ்சளாகி, காணாமல் போனது.

"சாக்கடை எலுமிச்சைக்குப் பயப்படாதும்மா," என்றார்.

சுந்தரவல்லி வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் சாயக்காரர் வீட்டுப் பெண். "கடுக்காயும் இரும்பும்," என்று மெதுவாகச் சொன்னார். "எங்க அப்பா வேணும்னே செய்வார், கறுப்புச் சாயத்துக்கு. கடுக்காய்த் தண்ணியில துருப்பிடிச்ச இரும்பைப் போட்டா மை மாதிரி ஆயிடும்."

"மாடித் தொட்டி என்ன தொட்டி?"

"இரும்பு. மாமனார் காலத்துல ராணுவ ஏலத்துல எடுத்தது."

"மாதத்துல ஒரு தடவை கழுவுவீங்களா?"

"அவர்தான் ஆள் விட்டுக் கழுவுவார். தண்ணி விஷயத்துல ரொம்ப சுத்தம் பார்ப்பார். இந்தத் தடவை மட்டும்..." சுந்தரவல்லி நிறுத்தினார். "நேத்து ஆள் வந்தான். சாக்கடைப் பிரச்சினை, கார்ப்பரேஷன் பார்த்துக்கும்னு இவர்தான் திருப்பி அனுப்பினார்."

ஜெயினம்பு அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த, நுனியில் கொக்கி வைத்த தென்னைத் துறட்டியைக் கையில் எடுத்திருந்தாள். "வாங்கண்ணே. நான் ஏறுறேன். நீங்க கீழ நின்னு குமட்டுங்க."

மொட்டை மாடியில் தொட்டி நின்றது. ஆணி அடித்த இரும்புத் தகடு, யானைக் கன்றின் உயரம். மூடி ஒரு சாண் விலகியிருந்தது. ஜெயினம்பு ஏணியில் ஏறி மூடியைத் தள்ளினாள்.

நாற்றம் வந்தது என்று எழுதினால் நாற்றத்துக்கு அவமானம். அது எழுந்து நின்றது. பக்கத்துத் தென்னையில் உட்கார்ந்திருந்த காக்கா, பறக்க மறந்து கீழே குதித்தது. நாலாவது வீட்டு மாடியில் வடகம் காயவைத்த அம்மாள் வடகத்தையும் தட்டையும் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஜனகராஜ் கைப்பிடிச்சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலைச் சாப்பாட்டையும் நேற்று ராத்திரிச் சாப்பாட்டையும், தனக்கு நினைவில்லாத ஒரு கல்யாண விருந்தையும் திருநகருக்குத் தானமாகக் கொடுத்தார்.

"புறாண்ணே!" என்று மேலிருந்து குரல் வந்தது. "ஒண்ணே ஒண்ணுதான். ஆனா ஊறி வாத்து சைஸ் ஆயிருச்சு. தூக்குறேன்... அய்யோ, எறகு மட்டும் வருது."

"சொல்லாத! சொல்லாம செய்!"

"கண்ணு ரெண்டும்..."

"ஜெயினம்பு!"

புறா தண்ணீருக்குள் விழ மூடி திறந்திருக்க வேண்டும். மூடி திறந்திருக்க, யாரோ அவசரத்தில் மூடாமல் இறங்கியிருக்க வேண்டும். அதை ஜனகராஜ் இரண்டு குமட்டலுக்கு நடுவில் யோசித்து முடித்தார்.

துறட்டி தொட்டியின் அடியில் எதிலோ மாட்டியது. ஜெயினம்பு பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கொழகொழவென்று வழுக்கிக்கொண்டு ஒரு கோணிப்பொட்டலம் மேலே வந்து, தரையில் சொத்தென்று விழுந்தது. கறுப்புக் குழம்பு நாலு பக்கமும் தெறித்தது. ஒரு துளி ஜனகராஜின் கீழுதட்டில்.

அந்த உதட்டை அவர் அடுத்த ஏழு நிமிஷம் கழுவினார்.

திரும்பி வந்தபோது ஜெயினம்பு பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தாள். உள்ளே இரண்டு சமாசாரம். ஒன்று, நாட்டு மருந்துக் கடைப் பாலித்தீன் பை. அதில் சேறாகிப்போன கடுக்காய்ப் பொடியின் மிச்சம்.

படியேறி வந்து நின்ற சுந்தரவல்லி அதைப் பார்த்தார். "வயிறு சுத்தமாகலைன்னு ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தார்..."

"ரெண்டு கிலோவா? அம்புட்டையும் தின்னுருந்தா வயிறு இல்ல, ஆளே சுத்தமாயிருப்பாரே!" என்றாள் ஜெயினம்பு. "ஊருக்கே கடுக்காய் குடுக்கத்தான் வாங்கியிருக்காரு."

இரண்டாவது சமாசாரம், தாள்கள். அழியாத இந்தியன் இங்க் மையில் எழுதியவை. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் மட்டும் பழுப்பாக மிஞ்சியிருந்தன. ஜனகராஜ் இரண்டு விரல் நுனியால், செத்த எலியின் வாலைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் பரப்பினார். எண்ணினார்.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி புரொபசர் நின்றிருந்தார்.

"கிடைச்சிருச்சா?" என்றார், குரலே இல்லாமல். "அந்த இருளாயி தொட்டிக்குள்ளயா ஒளிச்சு வெச்சா?"

"கிடைச்சிருச்சு சார்," என்றார் ஜனகராஜ். "உலகத்துல ஒரே ஒரு பிரதின்னு சொன்னீங்கல்ல? இங்க இருபத்திமூணு இருக்கு."

ஜனகராஜ் ஒவ்வொரு தாளாக விரலால் காட்டினார்.

"எல்லாம் ஒரே கடிதம். ஒண்ணுல கை நடுங்கியிருக்கு. இன்னொண்ணுல பழுப்பு ஜாஸ்தி. இதுல வெள்ளைக்காரன் பேரையே ரெண்டு விதமா எழுதிப் பார்த்திருக்கீங்க. இருபத்தி ரெண்டு பழக்கத்துக்கு, ஒண்ணு அலமாரிக்கு. மெட்ராஸ்காரர் வர்றார்னு தெரிஞ்சதும் தாளையும் மிச்சக் கடுக்காயையும் சேர்த்து முக்கிட்டீங்க."

"கரைஞ்சிரும்னு நினைச்சேன்," என்றார் புரொபசர். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், பட்டு வேட்டியில் கறுப்பு ஏறியது. "எரிச்சா சுந்தரவல்லிக்கு வாசனை தெரியும். தண்ணியில ஊறினா கூழாயிடும்னு..."

"வேற எவனா இருந்தாலும் தாளைப் பழுப்பாக்க டீத்தண்ணியில நனைச்சிருப்பான். சாயக்காரர் மகன்கிறதால உங்க கை தானா கடுக்காய்க்குப் போச்சு. ஆனா பத்து வயசுலயே இங்கிலீஷ் படிக்கப் போயிட்டீங்கன்னு எங்க அப்பா சொல்லியிருக்கார். உங்க அப்பா பட்டறையில எல்லாம் செம்பு அண்டா. கடுக்காயை இரும்புகிட்ட காட்டக் கூடாதுங்கிற பாடத்துக்கு முன்னாடியே பட்டறையை விட்டுட்டீங்க. பாதிப் படிப்பு சார்."

"அந்த வார்த்தை நம்மளுதுதான், ஜனகராஜ்! எனக்கு நிச்சயமா தெரியும். ஒரு ஆதாரம் மட்டும்தான் இல்ல. நான் அதை..."

"செஞ்சுட்டீங்க."

புரொபசர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஒரு நப்பாசை மின்னியது. "ஏட்டு வந்தா கம்ப்ளெயின்ட் வாபஸ்னு சொல்லிடறேன். கேஸ் வேண்டாம். கடிதம் தொலைஞ்சது தொலைஞ்சதாவே இருக்கட்டும். அவளுக்குப் புதுச் சேலை எடுத்துத் தர்றேன். வேலைக்கும் வரட்டும். விழா மட்டும் நடந்து முடியட்டும், ப்ளீஸ்."

ஜனகராஜ் கைக்குட்டையை உதறி மடித்தார். "அதுக்குச் சம்மதம் சொல்ல வேண்டியது நான் இல்ல," என்றார்.

பின்கட்டில், ஜனகராஜ் இறங்கி வந்து சொன்ன எல்லாவற்றையும் கேட்ட இருளாயி எழுந்து நின்றாள். தலைமுடியை அவிழ்த்து, உதறி, மறுபடி இறுக்கி முடிந்தாள்.

"கேஸ் இல்லன்னா நான் திருடி இல்லன்னு ஆயிருமா? பாவம்னு விட்டுட்டாருன்னுதான் பேசுவாக. சேலைய இவுக வீட்டம்மாவுக்கே எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. காலையில எந்த கேட்ல நின்னு கத்துனாரோ, அங்க வந்து சொல்லணும்."

"ஏட்டு வந்தாச்சு," என்றாள் ஜெயினம்பு. "மண்டபத்து வேனும் வந்தாச்சு. மைக் செட் ஒண்ணுதான் பாக்கி."

வாசலில் வேன், மாலையோடு சபைக்காரர்கள், சைக்கிளோடு ஏட்டு. திருடியை ஏற்றிப்போவதைப் பார்க்கக் கூடியிருந்த தெரு. இருளாயி வேலை செய்த மூன்று வீட்டு அம்மாக்களும் முதல் வரிசையில். கறுப்புக் கறை படிந்த பட்டு வேட்டியோடு புரொபசர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மேலிருந்து வந்த வாடையில் மாலை வைத்திருந்தவர் இரண்டடி பின்வாங்கினார். சுந்தரவல்லி கணவருக்குப் பக்கத்தில் வரவில்லை. இருளாயிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

புரொபசர் தொண்டையைச் செருமினார். "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், இட் வாஸ் அன் அன்ஃபார்ச்சுனேட் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்..."

"சார்," என்றாள் இருளாயி. "தமிழ்ல சொல்லுங்க. காலையில திருடின்னு தமிழ்லதான சொன்னீக?"

புரொபசர் வாயைத் திறந்தார். முப்பது வருஷம் வகுப்பு வகுப்பாக முழங்கிய வாய். அதிலிருந்து இப்போது வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"இருளாயி... எடுக்கல," என்றார் கடைசியில். "கடிதம்... பொய். நான்தான் எழுதினேன். நான்தான் தொட்டியில போட்டேன்."

மாலை வைத்திருந்தவர் அதை மெதுவாக வேனுக்குள் வைத்தார்.

"எதிர்வீட்டம்மா," என்று குரல் கொடுத்தாள் இருளாயி, "கேட்டுச்சா?"

"சரியா கேக்கலயே!" என்றாள் அந்த அம்மாள். அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

இருளாயி புரொபசரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை, இந்தத் தடவை திருமங்கலத்துக்கே கேட்கும்படி, முதலிலிருந்து கடைசிவரை சொன்னார்.

ஏட்டு நோட்டை மூடிச் சட்டைக்குள் செருகினார். தெரு கலையாமல் நின்றது. இருளாயி தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். "நாளைக்கு வழக்கம்போல வந்துரு இருளாயி," என்று மூன்று வீட்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"யோசிச்சுட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.